12 ரவுட்டர், 66 செஷன்: ரிஃப்ளெக்டரா, கான்ஃபெடரேஷனா?

லேப்டாப்பில் 12 எஃப்ஆர்ஆர் (ரவுட்டிங் மென்பொருள்) கன்டெய்னர்கள், ஒவ்வொன்றும் ஒரு ரவுட்டர். ஆர்1 முதல் ஆர்12 வரை ஒரே சங்கிலியாகக் கோத்து, அடியில் ஓஎஸ்பிஎஃப் (உள்ளே ஒருவரை ஒருவர் அடையும் வழியைக் கண்டுபிடிக்கும் நெறிமுறை) ஓட விட்டிருக்கிறேன். இரண்டு முனையிலும் வெளியே போக வாசல் உண்டு: 203.0.113.0/24 பாதை ஆர்1-க்கும் வருகிறது, ஆர்12-க்கும் வருகிறது.

ரவுட்டர்கள் வெளிப் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி; ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடினால் ஐபிஜிபி. ஐபிஜிபியில் ஒருவரிடம் கேட்ட பாதையை இன்னொரு ஐபிஜிபி அண்டைக்குச் சொல்லக் கூடாது. அதனால் எல்லோரும் எல்லோரோடும் பேசியாக வேண்டும் (ஃபுல் மெஷ்). 12 பேருக்கு 66 செஷன் (இருவருக்கு இடையிலான பிஜிபி இணைப்பு). 100 பேர் என்றால் 4,950. கடைசி ரவுட்டரைச் சேர்த்த அன்று மற்ற 11 கான்ஃபிக்கையும் திறக்க வேண்டியிருந்தது. இனி ஃபுல் மெஷ் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் கான்ஃபெடரேஷன் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 5065): ஒரு ஏஎஸ்-ஐ, அதாவது ஒரே நிர்வாகத்தில் உள்ள நெட்வொர்க்கை, உள்ளே சிறு ஏஎஸ்களாகப் பிரிப்பது. நாலு நாலு ரவுட்டராகப் பிரித்து 65001, 65002, 65003 என்று உள் ஏஎஸ் எண்கள். வெளியே தெரிவது 64500 மட்டும். செஷன் 20 ஆகக் குறைந்தது. ஆனால் ஆர்4-க்கும் ஆர்5-க்கும் நடுவில் செஷன் எழும்பவே இல்லை. லாகில் 'பேட் பியர் ஏஎஸ்'. ஒரு மணி நேரம் தேடினேன். ஆர்4-இல் கான்ஃபெடரேஷன் பியர்கள் வரியில் 65002-ஐச் சேர்க்க விட்டுப்போயிருந்தது. அதனால் ஆர்4 தன்னை 64500 என்று சொல்லிக்கொண்டது, ஆர்5 எதிர்பார்த்ததோ 65001. சேர்த்ததும் ஆர்5-இன் டேபிளில் (65001) 64501 என்று பாதை வந்து நின்றது: அடைப்புக்குறிக்குள் உள் ஏஎஸ், அடுத்தது வெளி அண்டையின் ஏஎஸ். அதைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்! ஆனாலும் 12 ரவுட்டரிலும் பிஜிபியை அழித்து எழுத வேண்டியிருந்ததே, ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அதைச் செய்ய எனக்குத் துணிவு வராது.

அப்புறம் ரவுட் ரிஃப்ளெக்டர் (ஆர்எஃப்சி 4456): ஒரு ரவுட்டர் மட்டும் கேட்ட ஐபிஜிபி பாதைகளை மற்றவர்களுக்கு, அதாவது கிளையண்டுகளுக்கு, திருப்பிச் சொல்லலாம். ஆர்3-ஐ ரிஃப்ளெக்டராக்கினேன். அங்கே ஒவ்வொரு அண்டைக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். கிளையண்டுகளில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம், தேவையில்லாத பழைய செஷன்களை எடுத்தால் போதும். 66 செஷன் 11 ஆனது.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்து ஆர்11-இலிருந்து ட்ரேஸ் (பாக்கெட் எந்த ரவுட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் சோதனை) போட்டேன். முதல் ஹாப் ஆர்10, அடுத்து ஆர்9, ஆர்8... ஆர்1 வரை 10 ஹாப். பக்கத்திலேயே ஆர்12 வாசல் திறந்திருக்கிறது! காரணம், ஆர்3 தான் நிற்கும் இடத்திலிருந்து அருகில் எது என்று பார்த்து ஆர்1-ஐத் தேர்ந்துகொண்டு, அதை மட்டுமே எல்லோருக்கும் சொல்கிறது. ஆர்12 வழியான பாதை ஆர்11-இன் காதுக்கே போகவில்லை.

ஆர்10-ஐ இரண்டாவது ரிஃப்ளெக்டராக வைத்தேன், வேறு கிளஸ்டர் ஐடியோடு (ரிஃப்ளெக்டர் குழுவின் அடையாள எண்). மொத்தம் 21 செஷன். ஆர்3 ஆர்1-ஐச் சொல்ல, ஆர்10 ஆர்12-ஐச் சொல்ல, கிளையண்டுகள் தமக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொண்டன. ஆனால் ஆர்10-இல் பிஜிபியை நிறுத்தியதும் ஆர்11 மறுபடி ஆர்1 பாதையையே எடுத்தது.

எனவே இரண்டு ரிஃப்ளெக்டரிலும் ஆட்-பாத் (ஆர்எஃப்சி 7911) போட்டேன். இப்போது ஒவ்வொன்றும் இரண்டு பாதையையும் அனுப்புகிறது. கிளையண்டின் டேபிள் பெருகும், முழு இணைய டேபிள் என்றால் மெமரியை யோசித்துத்தான் போட வேண்டும். நேற்று இரவு ஆர்10-இல் பிஜிபியை மறுபடி நிறுத்திப் பார்த்தேன். ஆர்11-இலிருந்து முதல் ஹாப் ஆர்12.