மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், ஆனால் அது இல்லை

கொய்யாவில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது, இன்றைக்கே மருந்து அடித்துவிடலாம் என்று தம்பி ஸ்பிரேயரோடு வந்துவிட்டான். கொஞ்சம் பொறுடா என்று இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிது. உடம்பெல்லாம் நீள நீளமாக மெழுகு இழைகள், பிரிந்துபோன பஞ்சுத் திரி போல. ஈர்க்குச்சியால் தொட்டேன், விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், தொட்டால் மெல்ல நகரும்.

ஓடியது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்றே வளர்வது. ஆஸ்திரேலியாவின் இந்த வண்டை 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வளர்ந்த வண்டு 4 மில்லிமீட்டர் அளவுதான். இறக்கை கருப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு.

மருந்து அடித்திருந்தால் இதுவும் சேர்ந்து செத்திருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை புழுவைப் பூச்சி என்று நினைத்துக் கொன்றிருப்போமோ, நினைத்தால் மனசு ஆறவில்லை.

அப்புறம் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகக் காவல் நின்று பொறிவண்டை விரட்டிவிடும். அதனால் அடிமரத்தில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினோம். ஸ்பிரேயர் கொட்டகைக்கே திரும்பிவிட்டது.