தண்ணீர் தேடி வந்தவன்

மூன்று மாதமாக ஒரு கதையை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் அக்காவைப் பற்றியது. வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேச மாட்டார்கள், பெயரைக்கூடச் சொன்னதில்லை. இருப்பது ஒரே ஒரு பழைய போட்டோ, அதிலும் அவர் நின்ற பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். தாத்தாவின் தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்த விரல்களுக்கு உரியவர் ஒரு ராத்திரி வீடு திரும்புகிறார், அதுதான் கதை. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது அலறிவிடுகிறார்கள், விளக்கு அணைந்துவிடுகிறது, வெறும் பேய்க்கதையாகிப் போகிறது.

எங்கே தப்பு என்று புரிந்தது கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) நாவலைத் திரும்பப் படித்தபோதுதான். சேவல் சண்டையில் தோற்ற புருதென்சியோ அகிலார் ஊரார் முன்னால் அவமானப்படுத்திவிட, ஹோசே அர்க்காதியோ புயேந்தியா அவன் கழுத்தில் ஈட்டியைப் பாய்ச்சிக் கொன்றுவிடுகிறான். செத்தவன் அவர்கள் வீட்டுக்கே வருகிறான், காயத்தைக் கழுவத் தண்ணீர் தேடி. அடுப்பிலிருக்கும் பாத்திரங்களை அவன் திறந்து பார்ப்பதைக் கண்டதும் புயேந்தியாவின் மனைவி உர்சுலாவுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து வீடு முழுக்கத் தண்ணீர்ச் சாடிகளை வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான். மந்திரம் கிடையாது, ஓட்டம் கிடையாது. பாவம், அவனுக்குத் தண்ணீர் வேண்டும்.

அந்த ஆவியின் முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் கணவனும் மனைவியும் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள், மலை தாண்டிப் போய் மகோந்தோ என்ற புது ஊரை உண்டாக்குகிறார்கள். அதாவது அந்தக் குடும்பத்தின் வேரே ஒரு சாவில்தான் இருக்கிறது. பல வருஷம் கழித்து புருதென்சியோ தேடிக் கண்டுபிடித்து வந்து நிற்கும்போது அவனுக்கும் வயதாகித் தலை நரைத்திருக்கிறது. கொன்றவனைத் தேடி வந்தது பழிவாங்க இல்லை, தனிமை தாங்காமல்! இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன்.

மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் ‘பெத்ரோ பராமோ’ நாவலில் (1955) இது இன்னும் உக்கிரம். அப்பாவைத் தேடி ஒரு மகன் ஊருக்குப் போகிறான், பேசுகிறவர்கள் எல்லாம் செத்தவர்கள், பாதிக் கதையில் அவனும் செத்து மண்ணுக்கடியில் கிடந்து பேசுகிறான். வேரைத் தேடிப் போகிறவன் பத்திரமாகத் திரும்ப முடியாது என்று அதைப் படித்துத்தான் எனக்குத் தோன்றியது. சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயேந்தே தன் முதல் நாவலை 1981 ஜனவரி 8 அன்று, சாகக் கிடந்த தாத்தாவுக்குக் கடிதமாகத்தான் எழுத ஆரம்பித்தார். எனக்கும் எழுத வேண்டிய கடிதம் ஒன்று பாக்கி இருப்பது போல இருக்கிறது.

சரி, என் கதை. இப்போது யாரும் அலறுவதில்லை. பெரிய பாட்டி வருகிறார், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணிடம் ஊசியை நீட்டி, “கண்ணு, இதில் நூல் கோத்துக் கொடு, எனக்குப் பார்வை தெரியவில்லை” என்கிறார். அவள் நூல் முனையை எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறாள். காலையில் தாத்தாவின் சட்டையில், ரொம்ப நாளாக இல்லாமலிருந்த மூன்றாவது பொத்தான் இருக்கிறது. அவர் அதைத் தடவிப் பார்க்கிறார். தையலின் முடிச்சு யாருடையது என்று அவருக்குத் தெரிகிறது.

இதுவரைக்கும்தான் எழுதியிருக்கிறேன்.