12 வோல்ட் கொடுக்காமலே எரிந்த சிவப்பு எல்இடி

நாற்பது போர்டில் மூன்று செத்துப்போச்சு. நான்காவதை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

போர்டு வழக்கமானதுதான்: 12 வோல்ட் உள்ளே, அதைக் குறைக்கும் சிங்க்ரனஸ் பக் ஐசி (மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்ச்), 5 வோல்ட் வெளியே, அப்புறம் அதை 3.3 ஆக்கும் ஏஎம்எஸ்1117, வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர். புரோகிராம் ஏற்ற மட்டும் ஜிக்கிலிருந்து (போர்டைப் பொருத்திச் சோதிக்கும் சட்டம்) நேராக 5 வோல்ட் ரெயிலிலேயே சப்ளை கொடுத்துவந்தேன். அப்போது உள்ளீட்டுப் பக்கத்து சிவப்பு எல்இடி மங்கலாக எரியும். மீட்டர் வைத்தால் அங்கே 4.4 வோல்ட். மேல் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியாகப் பின்னால் கசிகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புரோகிராம் ஏறியதும், ஜிக் சப்ளையை எடுக்காமலே 12 வோல்ட்டை ஆன் செய்வேன். ஜிக் கொடுப்பது 4.95. போர்டின் சொந்த வெளியீடு, அதை நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களைப் பொறுத்து 4.93-லிருந்து 5.07 வரை. பெரும்பாலானவை 4.95-க்கு மேல், அதனால் தப்பின. கீழே இருந்தவைதான் மாட்டின. வெளியீடு கூடிவிட்டது என்று நினைத்து ஐசி அதைக் கீழே இழுக்கிறது. கரண்ட் தலைகீழாக ஓடி, பக் பூஸ்டாக, அதாவது வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட்டாக, மாறிவிடுகிறது. இழுத்ததெல்லாம் உள்ளீட்டு கெப்பாசிட்டரில் போய்ச் சேரும். அங்கிருந்து அடாப்டருக்கும் போக முடியாது, ஏனென்றால் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் காப்பாற்றட்டும் என்று நானே எஸ்எஸ்34 டயோடு போட்டு வழியை அடைத்திருக்கிறேன்! நான்காவது போர்டை ஸ்கோப்பில் பார்த்தேன்: உள்ளீட்டில் 11.6-ல் இருந்தது 19-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பிடுங்கினேன். லோடு குறைந்தால் பல்ஸை விட்டுவிட்டுக் கொடுக்கும் ரக ஐசி என்றால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

முதலில் ஜிக் சப்ளையில் ஒரு ஷாட்கி டயோடு போட்டுப் பார்த்தேன். 4.6-க்கு இறங்கியதில் ஏஎம்எஸ்1117-க்கு மூச்சு முட்டியது. வைஃபை ஆன் ஆனவுடன் இஎஸ்பி பிரவுன்அவுட் (வோல்ட் போதவில்லை) என்று புலம்பி ரீசெட் ஆனது. சரி, ஒரே ரிலேயின் இரண்டு பக்கத்திலும் 5-ஐயும் 12-ஐயும் மாட்டினேன். இரண்டும் சேர்ந்து வர வழியே இல்லை.

அது போதாது. 4.4 வோல்ட்டிலும் ஐசி விழித்துக்கொள்ளலாம், அதனால் 5 கொடுக்கும்போது ஐசியை ஆன் ஆஃப் செய்யும் எனேபிள் பின்னை கிரவுண்டில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு, ஜிக் தொட ஒரு டெஸ்ட் பேட் வைக்காத புத்திசாலி நான்தான். கிடைத்த ஒரே இடம், எனேபிளோடு சேர்ந்த பொடிசான 0603 புல்அப் ரெசிஸ்டரின் ஓரம். கூர்முனை போகோ பின் (ஸ்பிரிங் வைத்த சோதனை ஊசி) சாலிடர் மேட்டில் வழுக்கி வழுக்கிப் பக்கத்து கெப்பாசிட்டரில் போய் இடித்தது. அக்ரிலிக் தட்டை மூன்று தடவை துளைத்தேன். கடைசியில் குழிவான முனை உள்ள பின்தான் மேட்டைக் கவ்வி நின்றது. சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கியும் கூர்முனைதான் கிடைத்தது, குழிமுனையை ஆன்லைனில் நூறாக வாங்க வேண்டியதாயிற்று. மீதி தொண்ணூற்று சொச்சமும் அடுத்த ஜிக்குக்கு. அடுத்த பிசிபியில் எனேபிளுக்குப் பேட் வரைந்தாயிற்று, செத்த மூன்றில்தான் இன்னும் கை வைக்கவில்லை.

அந்த மங்கலான எல்இடியை இப்போது சோதனையிலேயே சேர்த்துவிட்டேன். நேற்று ஒரு போர்டில் அது எரியவே இல்லை. திருப்பிப் பார்த்தால் இண்டக்டரின் ஒரு பக்கம் சாலிடர் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தது.