குடமும் ஓலையும் ஒன்பதாம் வகுப்பும்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். குடத்தில் ஓலைகளை இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த பழைய குடவோலை முறையை எத்தனை தடவை பாடமாக எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளைகளும் அதைச் சரியாகவே படித்து, கேள்வி வந்தால் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், அந்த முறையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் போய் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். உயர்ந்தவை நான்கே கைகள். டெல்லியிலிருந்து வருகிறவர்கள் தேடிவந்து பார்த்துவிட்டுப் போகும் சுவரைத் தினமும் பேருந்தில் கடந்து போகிற பிள்ளைகள் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அதிலிருந்து தொடங்கியதுதான் இந்த முயற்சி. பதினொரு மாணவ மாணவியர் சேர்ந்து, சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காக நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார்கள். தயாரித்தது அவர்கள்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் வடிவத்தில் என் கை அதிகமாக இருந்தது. கணினித் திரையில் இருபத்திரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான் எழுதிக்கொடுத்த விளக்கம் என்று போய், எட்டாவது படத்திலேயே குழந்தைகள் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று மாலை அந்தப் பதினொரு பேரும் என்னிடம் வந்து, “நாங்களே செய்யறோம் டீச்சர், நீங்க தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க” என்றார்கள். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

அவர்கள் முதலில் செய்தது கோயிலுக்குப் போனது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் பொறித்த எழுத்து நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்லியிருந்தேன்; சுண்ணாம்புத் தூளோ மாவோ பூசிப் படிக்கக் கூடாது, அது கல்லுக்குக் கேடு என்பதையும் சொல்லியிருந்தேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து எழுத்தில் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும், நடுநடுவே கிரந்த எழுத்தும் கலந்து வரும். அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திணறிய பிறகு, ஒரு மாணவி ஓரிடத்தில் விரலைக் கல்லில் படாமல் பிடித்துக்கொண்டு, “வா… ரி… ய… வாரியம்!” என்றாள். மற்ற பத்துப் பேரும் அவளைச் சுற்றி ஓடிவந்து நின்ற காட்சியை நான் மறக்கப் போவதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உளியால் வெட்டிய சொல்லை, அவள் யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்துவிட்டாள்.

அந்தக் கல்வெட்டைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்பது பல்லவர் காலத்தில் உருவான பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர். அதன் மகாசபை, வாரியங்கள் எனப்படும் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை 919ஆம் ஆண்டிலும், பிறகு அதைத் திருத்தி 921ஆம் ஆண்டிலும் கல்லில் வெட்டி வைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, எந்தக் குடும்பு என்பதைக் காட்டும் வாயோலை சேர்த்துக் கட்டாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபையில் இளையோரும் முதியோரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். ‘அந்தரமறியாதான் ஒரு பாலன்’, அதாவது உள்விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன், ஓலைக் கட்டு ஒன்றை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து, நடுநிலையாளரான மத்தியஸ்தர் கையில் கொடுப்பான். மத்தியஸ்தர் ‘அஞ்சு விரலும் அகல வைத்து’ உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். அவர் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமாரும் வாசித்த பிறகே அது எழுதிக்கொள்ளப்படும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள்.

பாடமாக நடத்தும்போது நான் வேகமாகக் கடந்துபோன அந்த ஐந்து விரலில்தான் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஏன் விரலை விரிக்க வேண்டும்? கையை மூடி வாங்கினால் ஓலையை மாற்றிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், முன்பே உள்ளங்கையில் ஒளித்துவைத்த வேறொரு சீட்டைக் காட்டி எங்கள் எல்லோரையும் ஏமாற்றியும் காட்டினான். அந்த வித்தை அப்படியே நிகழ்ச்சியின் தொடக்கமாயிற்று. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் முதலில் ஏமாறுவார்கள், கோபப்படுவார்கள், “கையைத் திறந்து காட்டு” என்று அவர்களே கத்துவார்கள். அதன் பிறகுதான் கல்வெட்டு அதையே சொல்லியிருக்கிறது என்று சுவரின் படம் காட்டப்படும்.

பொருள்களையும் அவர்களே தேடினார்கள். பனையோலையை ஒரு மாணவனின் தாத்தா வெட்டித் தந்தார்; மஞ்சள் போட்ட தண்ணீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, ஆணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழுந்து வந்தது. குயவரிடம் வாங்கிய முதல் பானை அழகாக இருந்ததே தவிர, வாய் மிகக் குறுகல். ஓலையோடு உள்ளே போன சிறுவனின் கை வெளியே வரவில்லை. அவன் அழத் தொடங்க, சோப்பு நீர் ஊற்றி மெல்ல விடுவித்தோம். இரண்டாவது பானையை வாங்கும்போது ஓர் ஐந்தாம் வகுப்புச் சிறுவனைக் கூடவே அழைத்துப்போய், கடையிலேயே கையை விட்டுப் பார்த்து வாங்கினார்கள்.

இனி, இந்த முயற்சியில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். தகுதிகளை விளக்கும் காட்சியை ஒத்திகை பார்த்த நாள் அது. ஒருவன் 921ஆம் ஆண்டு விதிகளை வாசிப்பான், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், தங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வரி செலுத்தும் கால் வேலி நிலம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர், சொந்தமாக இருக்க வேண்டும் என்று வாசித்ததுமே ஆறு பேர் உட்கார்ந்தார்கள். சொந்த மனையில் கட்டிய வீடு என்றதும் இன்னொருவர். முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குள் என்றதும் மற்றொருவர். மந்திர பிராமணம், அதாவது வேதம், கற்று ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றதும் நின்றிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேதத்தில் ஒன்றும் பாஷ்யத்தில் (உரை நூலில்) ஒன்றும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற சலுகையும் யாரையும் எழுப்பவில்லை. பெயர் எழுதப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைப் பெண்பிள்ளைகள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு, அப்பா கூலி வேலைக்குப் போகும் ஒரு மாணவன், சண்டைக்கு வருவதுபோல் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான்: “அப்போ நாங்கல்லாம் எங்க டீச்சர் இருந்தோம்?”

இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. கல்வெட்டு தன் சபையின் எல்லையை மறைக்கவே இல்லை. நிலமுடைய, வேதம் கற்ற பிராமண ஆடவரின் சபை அது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மறைத்தது நாங்கள்தான். ‘மக்களாட்சி பிறந்த ஊர்’ என்று மேடையில் முழங்கிவிட்டு, தகுதிப் பட்டியலை மனப்பாடப் பகுதியாகச் சுருக்கிவிட்டோம். வந்து பார்த்த பெரியவர் ஒருவர், சிறு குழந்தைகளிடம் இதையெல்லாம் சொல்லி ஊரின் பெருமையைக் குறைக்க வேண்டாம், அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்னார். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, எடுக்க மறுத்துவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம் நின்றேன். ஓலையைத் திறந்த உள்ளங்கையில் வாங்கச் சொன்ன கல்வெட்டைப் பற்றிப் பேசும்போது பாதியை மூடி வைத்துக்கொண்டு பேசுவது சரியல்ல என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. “எங்கே இருந்தோம்” என்ற கேள்விக்கு விடை தேடி ஏரிக்கரைக்குப் போனார்கள். அறுவர் கொண்ட ஏரி வாரியம் மேற்பார்வை செய்திருக்கலாம். கரையில் மண் சுமந்தவர்கள், மதகைத் திறந்தவர்கள், உடைப்பெடுத்த இரவில் போய் நின்றவர்கள் யார்? பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் இன்றும் உத்திரமேரூர் ஏரியாக நீர் பிடிக்கிறது. அதன் பாசனத்தில் வேலை செய்து ஓய்ந்த முதியவர்கள் நான்கு பேரைப் பிள்ளைகள் சந்தித்துப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். வயலுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் வேலை, மிகுநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குச் செய்தி போன விதம், நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல்லாகக் கொடுத்த கூலி என்று அவர்கள் சொன்னது எந்தச் சுவரிலும் வெட்டப்படவில்லை. நான்கு பதிவுகளிலிருந்து மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு பாட்டியம்மா, நடவுப் பாட்டைப் பாடத் தொடங்கி, அடுத்த அடி மறந்துபோய், “வயல்ல குனிஞ்சாத்தான் வரும் கண்ணு” என்று நிறுத்திவிடுகிற இடம் அப்படியே விடப்பட்டது. கல்வெட்டில் உள்ளது எது, பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னது எது என்பதை நிகழ்ச்சியில் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். முன்னதற்குச் சாம்பல் நிற அட்டை, பின்னதற்குப் பச்சை அட்டை என்று அவர்களே ஒரு வழி கண்டார்கள்.

நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிடம் பார்வையாளர்களுடையது. பழைய விதிகளை நீக்கிவிட்டு, தங்கள் பள்ளிக்கு ஒரு வாரியம் அமைக்கப் புதிய தகுதிகளைக் குழந்தைகளே சொல்ல வேண்டும். இன்றைய சட்டப்படி 18 வயதானால் ஊராட்சியில் வாக்கு, 21 ஆனால் போட்டியிடலாம், தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பதை முதலில் இரண்டே வரியில் சொல்லிவிடுவார்கள். ஒரு பள்ளியில் குழந்தைகள் சொன்ன விதிகளை நான் குறித்து வைத்திருக்கிறேன்: குழாயை மூடாமல் போகிறவர் கூடாது, அடிக்கிறவர் கூடாது, சத்துணவுத் தட்டைக் கழுவி வைக்கிறவராக இருக்க வேண்டும். பெயர்கள் எழுதப்பட்டு, குடத்தில் குலுக்கப்பட்டு, முதல் வகுப்பிலிருந்து ஒரு பாலன் அழைத்து வரப்பட்டான். அவன் எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து வாங்கிக்கொண்டவள், கோயில் சுவரில் ‘வாரியம்’ வாசித்த அதே மாணவி.

இதுவரை ஆறு பள்ளிகளுக்குப் போய்வந்திருக்கிறார்கள். கல்வெட்டின் விதிகளிலேயே பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்பதுதான். சிற்றவ்வை பேரவ்வை (சின்னம்மா, பெரியம்மா) மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மச்சினன், மருமகன் என்று நீளும் அந்தப் பட்டியலை ஒரு பெரிய தாளில் குடும்ப மரமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் கணக்குக் காட்டாவிட்டால் எத்தனை பேர் வெளியே போக வேண்டும் என்பதைப் பார்த்துக் குழந்தைகள் வாய்விட்டு வியப்பார்கள். ஆண்டு முடிவில், எங்கள் சொந்தச் செலவுக் கணக்கையும் காட்ட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்த 1,500 ரூபாய்க்குக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருவன் வரி வரியாகக் கணக்கு வாசித்தான். நாற்பது ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடி, கை மாட்டிக்கொண்ட அன்று பக்கத்துக் கடையில் ஓடிப்போய் வாங்கிய சோப்பும், அழுத சிறுவனுக்கு வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாயும் எழுதப்படாமல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, மூன்றாம் நாள் மறுபடி கூட்டத்தின் முன் நின்று அதையும் வாசித்துவிட்டுப் போனான்.