ஒட்டும் முன் கிளாம்ப்: பீம் டேம்பிங் சோதனையில் கற்றவை

கேன்டிலீவர் பீமில், அதாவது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட பட்டையில், விஸ்கோஎலாஸ்டிக் அடுக்கு (ரப்பர் போல நீண்டு சுருங்கும்போது ஆற்றலை வெப்பமாக இழக்கும் பொருள்) ஒட்டினால் அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது, அதாவது டேம்பிங் எவ்வளவு என்று அளப்பதுதான் என் எம்.இ. புராஜெக்ட். ஒரு முனையைப் பிடித்து, தட்டி, அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இதில் இறங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, வெறும் பட்டையை நம்பும்படி அளக்கத்தான் பெரும்பகுதி நேரம் போகும். போகவும் வேண்டும்.

என்னுடையது 3 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகல அலுமினியப் பட்டை, கிளாம்புக்கு வெளியே 300 மி.மீ. நீளம். கணக்குப்படி, தட்டினால் பட்டை தானாக அதிரும் முதல் மூன்று அதிர்வெண்கள் சுமார் 27, 170, 477 ஹெர்ட்ஸ். பெஞ்ச் வைஸில் வைத்துத் தட்டியபோது எல்லாமே குறைவாக வந்தன. திருகை இறுக்க இறுக்க மேலே ஏறின. பிடிமானம் சரியில்லை என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? வெறும் அலுமினியத்தின் லாஸ் ஃபேக்டர் (டேம்பிங்கைச் சொல்லும் எண்) 0.001-க்கும் கீழே. பிடிக்கிற இடத்தில் நடக்கும் உராய்வு மட்டுமே அதைப் பல மடங்கு ஆக்கிவிடும். அப்படி அளந்தால் கிடைப்பது வைஸின் டேம்பிங், பட்டையுடையது அல்ல.

ஒர்க்‌ஷாப்பில் இருந்த அண்ணன் ஒருவர் கனமான எஃகுக் கட்டைகள் இரண்டை மில்லிங் செய்து தந்தார். “தம்பி, ரெண்டு முகமும் முழுசா ஒட்டி உக்காரணும், ப்ளூ தடவிப் பாருங்க” என்றார். அவர் சொன்னபடி ஒரு முகத்தில் நீலச் சாயம் தடவி, மற்றதில் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, மேடு தெரிந்த இடங்களைத் தேய்த்து, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் இறுக்கிய பிறகுதான் எண்கள் நிலைத்தன. எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு உதவவில்லை.

அடுத்து சென்சார். பட்டையின் மொத்த எடையே சுமார் 60 கிராம். நுனியில் இரண்டு கிராம் ஆக்சிலரோமீட்டர் (அதிர்வை அளக்கும் சென்சார்) வைத்தாலே முதல் அதிர்வெண் ஐந்தாறு சதவீதம் இறங்கிவிடும். கேபிளும் ஆடித் தன் பங்குக்கு ஆற்றலைத் தின்னும். அதனால் சென்சாரைக் கிளாம்புக்கு அருகே ஒட்டி, கேபிளை அங்கேயே டேப் போட்டு நிறுத்தினேன்.

அதிர்வெண் வரைபடத்தில் சிகரத்தின் உச்சியிலிருந்து 3 டெசிபல் கீழே அதன் அகலத்தை அளந்து டேம்பிங்கைக் கணக்கிடுவது 3 டெசிபல் முறை. அதில் இன்னொரு சிக்கல் உண்டு. 170 ஹெர்ட்ஸில் லாஸ் ஃபேக்டர் 0.001 என்றால் சிகரத்தின் அகலம் வெறும் 0.17 ஹெர்ட்ஸ். ஒரு விநாடி பதிவு செய்தால் 1 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். அந்தச் சிகரம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். எனவே வெறும் பட்டைக்கு, தட்டிய பின் அதிர்வு நேரம் போகப் போக எப்படித் தேய்கிறது என்று அளந்தேன், அடுக்கு ஒட்டியதற்கு மட்டும் 3 டெசிபல். மென்பொருளில் எக்ஸ்போனென்ஷியல் விண்டோ (பதிவைப் படிப்படியாகச் சிறிதாக்கும் வடிகட்டல்) போட்டிருந்தால் அதுவே இல்லாத டேம்பிங்கைச் சேர்க்கும், கவனம்.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். அசிட்டோனால் துடைத்து, ரோலரால் அழுத்தி, குமிழி இல்லாமல் இரவு முழுக்க விட வேண்டும். மேலே திறந்த அடுக்கு, அதாவது 1952-இல் ஓபர்ஸ்ட் ஆராய்ந்த வகை, வளையும்போது நீண்டு சுருங்கி ஆற்றலை இழக்கிறது. அதில் தடிமன்தான் எல்லாம். அதன் மேல் இன்னொரு உலோகத் தகடு ஒட்டினால், நடுவில் சிக்கிய மெல்லிய அடுக்கு பக்கவாட்டில் நழுவ இழுக்கப்படுகிறது. 1959-இல் கெர்வின் விளக்கியது இதைத்தான். 0.1 மி.மீ. அளவு அக்ரிலிக் டேப்பும் மேலே அரை மி.மீ. தகடும் போட்டுத் தட்டியபோது கணகணவென்ற சத்தம் போய் ‘டொக்’ என்று நின்றது. அந்தச் சத்தம் கேட்டபோது இருந்த மகிழ்ச்சி தனி! ஆனால் டேப்பைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் பலன் கூடிக்கொண்டே போகாது. தகட்டின் விறைப்பு, அலைநீளம், டேப்பின் மென்மை மூன்றும் சேர்ந்து ஒரு உகந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் ஒத்துவராவிட்டால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். இந்தப் பொருட்களின் குணம் வெப்பநிலையோடும் அதிர்வெண்ணோடும் மாறுகிறது. ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் டிகிரியை எழுதினேன். ஏஎஸ்டிஎம் இ756 என்ற, இத்தகைய பொருட்களின் டேம்பிங்கை அளப்பதற்கான தர முறையில் பொருளின் பண்பைக் கணக்கிடும்போது முதல் அதிர்வெண்ணின் தரவை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. நானும் இரண்டாவதிலிருந்தே எடுத்தேன்.

அப்புறம் முழு நீளத்துக்குப் பதில் சிறு துண்டு ஒட்டிப் பார்த்தேன். முதல் அதிர்வெண்ணில் பட்டை ஆடும்போது வளைவு அதிகம் இருப்பது கிளாம்பில் பிடித்த முனையில்தான். அங்கே ஒட்டிய துண்டு நன்றாக வேலை செய்தது. அதே துண்டை நுனியில் ஒட்டியபோது டேம்பிங்கில் மாற்றமே தெரியவில்லை.