குரலை நம்பாத அன்று

"தம்பி, என்ர குரல் உமக்குத் தெரியாதோ?" என்று அக்கா கேட்டபோது, தெரியும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் கணக்கைத் திறந்து கொடுக்கவில்லை.

அவர் புதுக்குடியிருப்பில் வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்கள் கள உத்தியோகத்தர். கைத்தொலைபேசி பழுதாகிவிட்டதால், அலுவலகக் கூகுள் கணக்கில் உள்நுழைவதற்கான ஆறு இலக்கக் குறியீட்டைப் பெற வழியில்லை. பயனாளிகள் பட்டியல் அன்றிரவே போகவேண்டும். கடவுச்சொல்லோடு அந்தக் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை ஒரு மணித்தியாலம் நிறுத்திவிடும்படி அயல்வீட்டுத் தொலைபேசியிலிருந்து கேட்டார்.

அந்தப் பட்டியலில் கணவரை இழந்த பெண்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள் பற்றிய குறிப்பு எல்லாம் இருந்தன. அது வெளியே போனால் என்னவாகும் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. 2020 ஜூலையில், தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வீட்டிலிருந்து வேலை செய்த ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றித்தான் பிரபலங்களின் கணக்குகளைக் கைப்பற்றினார்கள். தொலைபேசிக் குரலை மட்டும் நம்பி எதையும் மாற்றக்கூடாது என்ற விதியை எங்கள் அலுவலகத்துக்கு எழுதியவனே நான்.

ஆனால் அதோடு நிறுத்தாமல், அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அலுவலகத்தின் எத்தனையோ படிவங்களில் கிடக்கும் அந்த இலக்கம் எதையும் நிரூபிக்காது என்பது கேட்கும்போதே எனக்குத் தெரியும். மறுப்பைச் சொல்லத் தயங்கியே கேட்டேன். இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற ஒருவரிடம், தயக்கத்தை மறைப்பதற்காக அதைக் கேட்டிருக்கிறேன். "இன்னும் என்ன காட்டவேணும்?" என்றார். கணக்கைத் திறக்க முடியாதென்று அதன்பிறகே சொன்னேன்.

மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கைத்தொலைபேசி இல்லாத வேளைக்கென்றே கூகுள் கணக்கில் பத்து மீட்புக் குறியீடுகளை முன்கூட்டியே எடுத்துவைக்கலாம். ஒரு தாளில் அச்சிட்டு, அரிசிப் பானைக்குள் என்றாலும் பத்திரமாக வைக்கும்படி கள உத்தியோகத்தர்களுக்கு நான் கொடுத்திருந்தால் அந்த அழைப்பே வந்திராது. விதியை எழுதிய கையால் அந்தத் தாளை அச்சிட மறந்தேன். அப்படியானால் அன்று நான் காத்தது அந்தப் பெண்களையா, என் விதியையா?

மறுநாள் முதல் பேருந்தில் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் அட்டையை என் மேசையில் வைத்தார். இப்போதும் அழைக்கும்போது, பெயருக்கு முன் இலக்கத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார். வேண்டாம் அக்கா என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.