புரட்டாசி முடிந்த மறுநாள்

வீட்டுக்கார அங்கிள் என் உள்ளங்கையில் ஊற்றியதைத் தீர்த்தம் என்றுதான் நினைத்தேன். வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, கரும்புச் சாராயம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், இறந்துபோனவர்களுக்குப் படைத்த பிறகுதான் பல வீடுகளில் தீபாவளி. நம் ஊரில் செய்வதுபோலவேதான். சுவரோரம் தாத்தா படம், மாலை, வாழையிலை, இலை நிறைய ஆட்டுக்கறி, நண்டு, அவித்த முட்டை, வடை. படத்துக்கு நேரே ஒரு சிகரெட் பெட்டி. அதன் பக்கத்தில் ஹாஃப் ஜாக், அதாவது 375 மில்லி பாட்டில். தாத்தா கேன், அதாவது அந்தக் கரும்புச் சாராயம், குடிப்பவராம். கலந்து குடிக்கப் பச்சை நிற கிரீம் சோடாவும் மறக்காமல் வைத்திருந்தார்கள். சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் வெளியே நின்றோம். கதவு திறந்ததும் விபூதி கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் வலதுகையைக் குவித்து நீட்டினேன். அங்கிள் பாட்டில் மூடியில் ஊற்றி என் கையில் கவிழ்த்துவிட்டார்.

"தாத்தா குடுத்தது தம்பி. வேணாம் சொல்லக்கூடாது."

மறுப்பதற்கு என்னிடம் ஏகப்பட்ட காரணங்கள் கைவசம் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இருக்கிறது, நைட் ஷிப்ட், வண்டி ஓட்டணும். படையலில் வைத்ததை மறுக்க மட்டும் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கை தானாக ஒரு காரியம் செய்தது. தீர்த்தம் குடித்துவிட்டு மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்வோமே, அதுபோல மொத்தத்தையும் உச்சந்தலையில் தடவிக்கொண்டேன். அங்கிளுக்கு முழுத் திருப்தி. ஆன்ட்டிதான் ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று சாயங்காலம் எனக்கு ஏ.ஏ. கூட்டம், அதாவது குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குளித்துவிட்டுப் போக நேரமில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹாலில், பத்துப் பதினைந்து முன்னாள் குடிகாரர்கள் நடுவில், தலையெல்லாம் கேன் மணக்கப் போய் உட்கார்ந்தேன். அந்த மூக்குகளை ஏமாற்ற முடியுமா? பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. காப்பி வந்தது. மோரில் பிசைந்து சுட்ட கட்டி ரஸ்க் வந்தது. அந்தத் தட்டை ஒரு ஜூலு அக்கா எனக்கு மட்டும் இரண்டாவது தடவையும் நீட்டினார். குடித்துவிட்டு வந்தவனையும் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பதுதான் அங்கே வழக்கம். என் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வெள்ளைக்காரத் தாத்தா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முப்பது வருஷமாக வருகிறேன், தலைவழியாகக் குடித்தவனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று தடவை ஷாம்பு போட்டேன். போன பிறகும் அந்த மணம் இருப்பதுபோலவே இருந்தது. ராத்திரி தூக்கமில்லை.

நான் திருமங்கலத்துக்காரன். மதுரைப் பக்கம் ஒரு மில்லில் மெஷின் மெயின்டனன்ஸ் பார்த்தேன். குடித்த கதையை நீட்டி முழக்க எனக்கு இஷ்டமில்லை. எல்லாக் குடிகாரன் கதையும் ஒன்றுதான், கடையும் பிராண்டும்தான் வேறு. சென்னையில் குடியை நிறுத்த சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையில் சேர்த்தார்கள். கணவரைக் குடியில் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய இடம் அது. அங்கே குடிக்கிறவனுக்கு மட்டுமில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் வகுப்பு உண்டு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அம்மா பாடம் கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது, ஸ்கூலுக்கு வந்த பிள்ளை மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு. வெளியே வந்து, குடியை நிறுத்தி, ஊரில் ஒருவரும் நம்பாமல் இருந்த காலத்தில்தான் டர்பனில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

இங்கே வந்ததும் முதலில் பிடித்தது, யாருக்கும் என்னைத் தெரியாது என்பதுதான். திருமங்கலத்தில் நான் கொஞ்சம் வேகமாக நடந்தாலே டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார், எந்தப் பக்கம் போகிறான் என்று. இங்கே பாட்டில் ஸ்டோர் என்கிற மதுக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றாலும் கேட்க நாதி கிடையாது. கொஞ்ச நாளிலேயே அது பயமாகிவிட்டது. டீக்கடைக்காரர் பார்வை எவ்வளவு பெரிய காவல் என்று அப்போதுதான் உறைத்தது.

மற்றபடி டர்பன் எனக்குப் பழகிவிட்டது என்றே சொல்லலாம். சனிக்கிழமை பிராய்க்கு, அதாவது வெளியே அடுப்பு மூட்டிக் கறி சுடும் விருந்துக்கு, கூப்பிட்டால் போவேன். கிளாஸில் ஆப்பிள்டைசர் என்ற நுரைக்கும் ஆப்பிள் ஜூஸை ஊற்றி ஒரு எலுமிச்சைத் துண்டைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கிளாஸ் காலியாகத்தான் இருக்கக்கூடாது. கல்யாண மண்டபத்தில் மது கிடையாது, ஆனால் ஆம்பளைகள் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் திறந்த டிக்கியைச் சுற்றி நிற்பார்கள். அந்தப் பக்கம் போகாமல் பந்தியில் இடம் பிடித்துவிடுவேன். குடைந்த பிரெட்டுக்குள் குழம்பு ஊற்றிய பீன்ஸ் பன்னி சௌ கையால் பிய்த்துச் சாப்பிட வருகிறது. ஆனால் அக்டோபர் மழையில் மண் நனைந்து மணக்கும்போது மட்டும் மனசு நேராகக் கம்பம் ரோட்டுக்குப் போய்விடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அங்கிள் நல்ல மனுஷர். படையலில் இருந்த தாத்தா, டர்பன் நகராட்சி வேலைக்காரர்கள் குடியிருந்த மாகசின் பாரக்ஸில் பிறந்தவர். 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது குடும்பத்தோடு வந்தார். 1860-ல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோவின் பெயரை, நேற்றுத்தான் இறங்கியதுபோல அங்கிள் சொல்வார். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் புரட்டாசி என்றால் புரட்டாசிதான். மாதம் பூராவும் கறி மீன் கிடையாது, பாத்திரம் தனி, குடியும் கிடையாது. கடைகளில் புரட்டாசிச் சாப்பாடு என்றே போர்டு தொங்கும். நம் ஊரில் எனக்குத் தெரிந்த குடிகாரர்களுக்குப் புரட்டாசியில் சைடு டிஷ் மட்டும்தான் சைவம். குவார்ட்டரோடு சுண்டல் தின்றுவிட்டுப் பெருமாளுக்குக் கணக்குக் காட்டுவார்கள். இங்கே ஏமாற்று கிடையாது.

அதனால் அந்த ஒரு மாதம் எனக்குச் சொர்க்கம். யாரும் எதையும் நீட்டுவதில்லை, நானும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஊரே என் வரிசையில் வந்து நிற்கும்.

புரட்டாசி முடிந்த மறுநாள் பிராய் அடுப்பு பற்றும். ஐஸ் பெட்டி நிறையும். அங்கிள் முதல் கிளாஸை ஒரே மூச்சில் முடித்துவிட்டு என் தோளில் கை போடுவார்.

"பாத்தியா தம்பி, ஒரு மாசம் தொடல. நெனச்சா விட்டுடலாம். ப்ராப்ளம் இருக்கிறவனுக்கு இது முடியுமா?"

இந்த ஒரு பேச்சுதான் எனக்கு ஆகாது. படையலில் ஊற்றியதைக்கூட மன்னித்துவிடலாம்.

ஏனென்றால் புரட்டாசி பிறந்த முதல் சில நாள் அவர் எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன். காலையில் சாஸரோடு டீயைத் தூக்கினால் கப் கடகடவென்று ஆடும். சட்டை முதுகில் ஈரம். டிவி சத்தத்துக்கு ஆன்ட்டியைத் திட்டினார். ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, வலிப்போ உளறலோ வந்தால் சாமி குத்தம் என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றேன். தினமும் அளவுக்கு மேல் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், அதற்கு டாக்டர் பார்வை வேண்டும் என்பதை நான் வார்டிலேயே கண்ணால் பார்த்தவன். நல்லவேளை, ஒரு வாரத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரை நடந்தார். அதை எல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. காலண்டரில் வட்டம் போட்ட அந்தத் தேதி மட்டும்தான் அவருக்குக் கணக்கு.

எனக்கு அந்தக் காலண்டரை நன்றாகத் தெரியும். குடித்த காலத்தில் கார்த்திகை ஒன்றாம் தேதி நானும் சபரிமலைக்கு மாலை போடுவேன். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கோயிலில் பஜனை. ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொட மாட்டேன். சம்பளம் முழுசாக வீட்டுக்கு வரும். 'சாமி' என்றுதான் அம்மா கூப்பிடும். தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மலைக்குப் போய், தரிசனம் முடிந்து, வேன் குமுளி இறங்கும். லோயர் கேம்ப் தாண்டும்போதே பின் சீட்டில் குசுகுசுப்பு ஆரம்பிக்கும். சுருளியில் ஒரு குளியல், மாலையைக் கழற்றுவது, கம்பத்தில் கடை எந்தத் தெரு என்று எங்களில் யாருக்கும் வழி கேட்க வேண்டியிருந்ததில்லை. மழை விட்ட ரோடு, திராட்சைத் தோட்டம், ஈர மண் வாசனை. அந்த முதல் குவார்ட்டருக்காகத்தான் மண்டலம் முழுக்கக் காத்திருந்தேனோ என்றுகூடத் தோன்றும். மறுவாரம் பழைய அளவு, பழைய சண்டை. சரணம் சொன்ன வாயா இது என்று அம்மா அழும்.

விட முடியும் என்பதற்கு அந்த மண்டலம் சாட்சி, அதனால் விட வேண்டியதில்லை. இந்த ஞாயத்தில்தான் என் இளவயசு போனது. அங்கிள் அதே ஞாயத்தை ஆட்டுக்கறி மென்றுகொண்டு சொல்லும்போது எனக்குக் காது அடைத்துவிடும்.

அரசாங்கமே மாலை போட்ட கதையும் உண்டு. 2020 மார்ச் 27-ல் தென்னாப்பிரிக்கா ஊரடங்கோடு மது விற்பனையையும் நிறுத்தியது. சிகரெட்டும் கிடையாது. நம் ஊரில் டாஸ்மாக்கும் அப்போது மூடித்தான் கிடந்தது, ஆனால் மே மாதமே திறந்துவிட்டார்கள். இங்கே ஜூன் 1 வரை ஒரு பாட்டில் விற்கவில்லை. அதற்குப் பிறகும் ஜூலையில், டிசம்பர் கடைசியில் என்று திரும்பத் திரும்ப மூடினார்கள். அடிபட்டு, குத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெருமளவு குறைந்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கடைகளில் அன்னாசிப் பழத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் அடிதடி. எங்கள் தெருவில் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் அன்னாசிப் பிரியர்கள் ஆனார்கள். அங்கிள் வாளியில் போட்ட சரக்கு பாத்ரூமில் மூடியோடு வெடித்து, ஆன்ட்டி இரண்டு நாள் கூரை துடைத்தார். ஜூன் 1 காலை ஒன்பது மணிக்கு பாட்டில் ஸ்டோர் வாசலில் வரிசை தெருமுனை திரும்பி நின்றது. அதில் அங்கிளைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. லோயர் கேம்ப் தாண்டும்போது வேனில் எல்லோருக்கும் இருக்குமே, அதே கண்.

இதை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேனா என்றால், இல்லை. ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. ஒருவர் பங்குத் தரகர், ஒருவர் டாக்டர். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, அவரவர் கதையைச் சொன்னார்கள். வாடகை வீட்டுக்காரரிடம் அப்படிக் கதை சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தலையில் தடவிக்கொண்டது ஏன் என்று ஆன்ட்டிக்கு மட்டும் சொன்னேன். அவர் கூட்டம் எந்த சர்ச்சில் என்று கேட்டு, காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். அங்கிள் கண்ணில் படும் இடம்தான் அது.

போன கார்த்திகையில் அம்மா போன் செய்தது.

"இந்த வருசமும் மாலை போடலையா சாமி?"

"வேணாம்மா. போடாமலே நல்லாத்தானே இருக்கேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் குடியை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, அத்தனை வகுப்பும் கேட்ட அம்மாதான், ஆனால் மாலை இல்லாத மகனை அதற்கு இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. அதன் ஆயுசில் நல்ல நாள் என்றால் அந்த மண்டல நாள்கள்தான். "சரி, அங்கன கோயில் இருக்குல்ல, கையில ஒரு கயிறாச்சும் கட்டிக்க" என்றது. மறுக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிளே தன் பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன வண்டியில், கோயிலுக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் வரப்போகும் கிறிஸ்மஸ் பிராய்க்கு எத்தனை பெட்டி வாங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஐயர் நம் ஊர்ப்பக்கத்து ஆள், வேலூர். மஞ்சள் தடவிய கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"என்ன விரதம்? எத்தனை நாளைக்கு? எப்ப அவிழ்க்கிறதுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி முடிச்சுப் போடறேன்."

நான் அம்மா சொன்னதைச் சொல்வதா, வேறு என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் முந்திக்கொண்டார்.

"டைட்டா போடுங்க சாமி. இந்தப் பையன் அவிழ்க்க மாட்டான், நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."